பக்கத்தில் வந்து இருந்த பிள்ளை

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். கனடாவில் இருக்கும் தங்கச்சிக்குக் கடிதம் எழுதியதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. போன் வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேசச் சொன்னாலே எனக்கு நாக்குப் புரளாது. படித்தவர்கள் எழுதவேண்டியதை இவள் எழுத வந்துவிட்டாளே என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் இருந்தவர்கள் நானும் என் கூடப்பிறந்த அண்ணையும்தான். அண்ணை எழுதமாட்டார். அவளைப் பற்றிக் கேட்டால் "நல்ல பிள்ளை, கொஞ்சம் விசர்" என்று பைத்தியப் பட்டமும் கட்டி ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். அது போதாது என்று எனக்குப் படுகிறது.

அவள் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் எனக்குச் சரியாக வராது. வீட்டில் நாங்கள் பிள்ளை என்றே கூப்பிட்டோம். லித்துவேனியா என்ற நாட்டிலிருந்து வந்தவள். அவள் வருவதற்கு முதல் நாள் அண்ணை தன் பழைய அட்லசை எடுத்துத் தூசி தட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தேடினார். "இஞ்ச இருக்கு பார், என்ர நகத்தளவு" என்று காட்டினார். அந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, மாணவர்களை வேறு நாடுகளுக்கு அனுப்பி, அங்குள்ள குடும்பங்களோடு வாழ்ந்து பழகச் செய்கிறதாம். யாழ்ப்பாணத்தில் அதை ஒழுங்குபடுத்தியவர் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். தீவுப்பகுதியில் ஆட்கள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் மிச்சமிருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று படிக்க இந்தப் பிள்ளை விரும்பியதால், ரீச்சர் எங்கள் ஊரான நாரந்தனையில் வீடு தேடியிருக்கிறார். எங்கள் வீடு அகப்பட்டதற்குக் காரணம் குளியலறை. தங்கச்சி தான் லீவில் வந்து நிற்பதற்காக அறையோடு சேர்த்துக் கட்டுவித்தது. தங்கச்சி அதில் இரண்டு தரம் குளித்திருப்பாள்.

பிள்ளையைப் பற்றி எழுதுவதென்றால் ஒரு விசயத்தைத்தான் எழுதவேண்டும். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கும். தனியே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆளைக் கண்டால் அவள் போய்ப் பக்கத்தில் குந்தி இருந்துவிடுவாள்.

ஊர்காவற்றுறையில் பஸ் திரும்பும் இடத்தில், மத்தியானம் ட்ரைவர் வெறும் பஸ்ஸுக்குள் இருந்து சோற்றுப் பார்சல் சாப்பிடுவார். பிள்ளை ஒருநாள் ஏறிப்போய், அவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் இருந்துகொண்டு, தன் பையிலிருந்த பாண் துண்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். நான் கீழே மரக்கறிப் பையோடு நின்றேன். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கொண்டக்டர் கண்டுவிட்டான். "அண்ணை, உங்களுக்கு வெளிநாட்டில சம்பந்தம் பேசியாச்சுப் போல. வீட்ட அக்காவுக்குச் சொல்லட்டோ?"

"பொத்தடா வாயை. பிள்ளை பசியில இருக்குது" என்றார் ட்ரைவர். பிறகு தன் பொரித்த மீனைப் பிய்த்து, பாதியை அவளுடைய பாணின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு அந்த ட்ரைவர் எங்கள் ஒழுங்கை தெருவோடு சேரும் இடத்தில் அவளைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல் போனதில்லை.

எல்லோரும் அப்படி இருக்கவில்லை. நயினாதீவுக் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்தபோது, ஒரு வயதானவர் கடதாசியில் சுற்றிய வடையைத் தின்றுகொண்டிருந்தார். இவள் போய் இருந்ததும் அவர் கடதாசியை மடித்துக்கொண்டு எழும்பிப் போனார். அவள் முகம் சிவந்துபோனது. இருந்தும் அன்றே, கோயில் மடத்தில் அன்னதானத்தின்போது, பந்தியில் நான் கொண்டுபோய் இருத்தியவள் தன் வாழையிலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, மூலையில் தூணோடு தனியே இருந்த ஒரு மனுசியிடம் போனாள்.

"ஏன் பிள்ளை இஞ்ச வந்தனீர்? அங்கயெல்லோ ஃபான் சுத்துது" என்றார் அந்த மனுசி.

"இங்கே நீங்கள் இருக்கிறீர்கள்" என்றாள் இவள். பல்கலைக்கழகத்தில் படித்த அவளுடைய தமிழ் அப்போது புத்தகத் தமிழ்.

அந்த மனுசி சோற்றில் கையை வைத்தபடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, வேகமாகச் சாப்பிட்டு முடித்தார். சந்தோசமா, தொந்தரவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒருநாள் குசினி வாசலில் இருந்து இருவரும் இறால் உரித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், ஏன் இப்படிப் போய் இருக்கிறீர் என்று. அவள் சொன்னதை என் சொற்களில் எழுதுகிறேன். அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. தகப்பன் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவள் பின்னேரச் சாப்பாட்டைத் தனியேதான் சாப்பிட்டிருக்கிறாள். மாடி வீடு. எதிர் மாடியில் ஒரு மனிதர், அவரும் தனி, அதே நேரத்தில் அவருடைய யன்னலோரம் இருந்து சாப்பிடுவாராம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பல வருடம் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு நாளும் கதைத்ததில்லை. ஒருநாள் அந்த யன்னலில் வேறு நிறத் திரைச்சீலை தொங்கியது. அவர் இறந்து ஒரு மாதமென்று பிறகுதான் தெரிந்ததாம்.

"நடந்து போனால் இரண்டு நிமிடம், அக்கா" என்றாள். "நான் போகவில்லை."

இறால் ஓட்டை வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். அழவில்லை. நான் இறால் சட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் தனியே சாப்பிட்ட ஆள் அவள்தான்.

விருந்தாளியை முதலில் இருத்தி, வயிறு நிறையக் கொடுத்து அனுப்பிய பிறகே வீட்டார் சாப்பிடவேண்டும் என்பது எங்கள் பழக்கம். கூட இருந்து சாப்பிட்டால், பானையில் இருப்பதை நாங்களும் பங்குபோடுகிறோம், நீர் பார்த்துச் சாப்பிடும் என்பது போலாகிவிடும் என்று அம்மா சொல்லுவார். அண்ணை அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெரிய மேசையில் அவளுக்கு மட்டும் சாப்பாட்டுத் தட்டு, எங்கள் பேச்சில் கோப்பை, வைப்போம். நான் கறிச்சட்டியோடு வாசலில் நிற்பேன். அண்ணை சாப்பிடாமல் எதிர்க் கதிரையில் இருந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சாப்பிடும் பிள்ளை, வெட்கப்படாதையும். தங்கச்சி, இன்னும் கொஞ்சம் போடன், பிள்ளை கொறிக்குது."

"நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று அவள் கேட்பாள்.

"நாங்கள் பிறகு. நீர் முதல்ல சாப்பிடும்."

முதல் வாரம் அவள் வேகமாகச் சாப்பிட்டாள். தான் முடித்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினாள். ஒரு பிடி சோற்றை எடுப்பாள், எங்களைப் பார்ப்பாள், வைப்பாள். கோப்பையில் கறி காய்ந்துபோகும். நாங்கள் வந்து இருக்கவேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள். அண்ணைக்கு அது வேறு மாதிரிப் பட்டது. "உறைப்புப் போல. தூளைக் குறை" என்றார். நான் மிளகாய்த் தூளைக் குறைத்தேன். அவள் இன்னும் மெதுவாகச் சாப்பிட்டாள். அண்ணை யாழ்ப்பாணம் போய் முள்ளும் கரண்டியும் வாங்கிவந்தார். பிள்ளை கையால்தான் சாப்பிட்டாள். மூன்றாம் வாரம் கறி ஆஸ்பத்திரிச் சாப்பாடு போலாகிவிட்டது. அண்ணை தன் கோப்பையில் ஊறுகாயை அள்ளி அள்ளிப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் கிணற்றடி விசயம் நடந்தது.

கிழமைக்கு ஒருநாள் ஒரு மனுசி வந்து வீட்டைச் சுற்றியுள்ள எங்கள் வளவைக் கூட்டித் தருவார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுப்போம். கிணற்றடிச் சுவரில் அவருக்கென்று ஒரு கோப்பையும் தண்ணீர் குடிக்கப் பேணியும் கவிழ்த்து வைத்திருக்கும். அவரே கழுவி எடுப்பார், நான் சோற்றைப் போடுவேன், அவர் தென்னையடியில் இருந்து சாப்பிடுவார், கழுவிக் கவிழ்ப்பார். அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் பிள்ளையைப் பற்றி எழுதியதாகாது.

பிள்ளை மேசையில் இருந்தவள் யன்னலால் அதைக் கண்டாள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். அண்ணை "தண்ணியோ பிள்ளை?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் முற்றத்தைக் கடந்து, தென்னையடியில் மண்ணில் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள்.

வளவு கூட்டும் மனுசி எழும்பி நின்றுவிட்டார். "ஐயோ பிள்ளை, உள்ள போங்கோ. ஐயா பாக்கிறார்."

"இருங்கள். சாப்பிடுங்கள்."

"நீங்கள் போனால்தான் நான் இருப்பன், ராசாத்தி."

ஒருவர் நின்றபடி, ஒருவர் இருந்தபடி, இரண்டு பேரும் சோற்றுக் கோப்பையோடு கொஞ்ச நேரம். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அக்கா தலையை நீட்டினார். அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை. "நாலு சனம் பாக்குது. அவளுக்கு விளங்கப்படுத்து" என்று என்னிடம் சொன்னார். நான் எதை விளங்கப்படுத்துவது? கடைசியில் பிள்ளைதான் எழும்பி உள்ளே வந்தாள். அந்த மனுசி அன்றைக்குச் சோற்றை ஒரு பையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ரீச்சர் போன் எடுத்தார். அண்ணை சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் பேசுவார், அதனால் எனக்கும் கேட்டது.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. பிள்ளை என்னட்டக் கேட்குது, தானும் வெளி ஆளோ எண்டு. ஒருத்தரும் தன்னோட இருந்து சாப்பிடுறேல்லையாம். கிணத்தடியில ஒரு அம்மாவுக்கும் அப்படித்தானாம். தனக்கும் அந்த மாதிரித்தான் கோப்பை வைக்கிறியளோ எண்டு கேட்குது."

அண்ணை போனை வைத்துவிட்டு, பின்னேரம் வரை சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் முப்பது வருடம் மனேச்சராக இருந்தவர். ஒருவரையும் மரியாதை குறைத்துப் பேசியதாக ஒருவரும் சொல்லாத மனிதர். "மரியாதை குடுத்தது பிழையாப் போச்சே" என்றார் கடைசியில். என்னிடம் சொல்லவில்லை, சுவருக்குத்தான் சொன்னார்.

அடுத்த நாள் அவர் தன் கோப்பையையும் மேசையில் வைக்கச் சொன்னார். இருவரும் எதிரெதிரே இருந்து, பள்ளிக்கூடச் சோதனை எழுதுகிறவர்கள் போலச் சாப்பிட்டார்கள். போகப்போகப் பழகிவிட்டது. மீன் முள்ளை எப்படிப் பிரிப்பதென்று அண்ணை காட்டிக்கொடுப்பார், தன் நாட்டுப் பீட்ரூட் சூப்பைப் பற்றி அவள் சொல்லுவாள். "பச்சைத் தண்ணியில பீட்ரூட்டோ? அதுவும் மோரோடயோ? சிவ சிவா" என்று அண்ணை சிரிப்பார். கறிக்கு நான் பழையபடி தூள் போட்டேன்.

ஆனால் நான் இருக்கவில்லை.

"அக்கா?" என்று அவள் ஒவ்வொரு நாளும் மூன்றாவது கதிரையைக் காட்டுவாள்.

"அவள் பிறகுதான் சாப்பிடுவாள். அது அவளின்ர பழக்கம்" என்பார் அண்ணை.

அது பழக்கம் இல்லை. அண்ணைக்கே தெரியாத ஒன்று. எனக்குப் பதினேழு வயதில் நாங்கள் சண்டையில் தீவை விட்டு இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். வரிசையில் நின்று சோறு வாங்கவேண்டும். அம்மா காய்ச்சலில் எழும்ப இயலாமல் கிடந்தார். நான் என் பங்கை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவுக்காக இரண்டாம் தரம் போய் நின்றேன். கரண்டியோடு நின்ற மனிதர் என்னைப் பார்த்துவிட்டு, "இவள் முந்தியும் வந்தவள். திண்டிட்டுத் திரும்ப வாறாள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அம்மாவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசை முழுக்க என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தது. திரும்பி வந்து, இருந்த பங்கை அம்மாவுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒருவர் பார்க்க எனக்குச் சோறு இறங்குவதில்லை. கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறுகிறவர்களோடு சேர்ந்துகொள்வேன். பரிமாறுகிறவள் சாப்பிட்டாளா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. தனக்குப் பக்கத்தில் இருக்க எனக்கு விருப்பமில்லை என்றுதான் அவள் நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அதுதான் என்னைத் தின்றது. மூன்று மாதம் முடிந்து அவள் அந்த நினைப்போடு போய்விடுவாள். சொல்லவும் என்னால் இயலவில்லை, இருக்கவும் இயலவில்லை.

ஒருநாள் பக்கத்து ஊரான சுருவிலுக்கு யாரையோ சந்திக்கப் போனவள் நேரத்தோடு திரும்பிவிட்டாள். நான் குசினியில் பலகையில், சுவரைப் பார்த்தபடி இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. திரும்பினேன். என்னையறியாமல் இரண்டு கையாலும் கோப்பையை மூடினேன். கறி கையெல்லாம் பட்டது.

தனியே சாப்பிடும் ஆளைக் கண்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் வரவில்லை. என் கையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சத்தமில்லாமல் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றடியில் வாளி பெரிய சத்தத்தோடு தண்ணீரில் விழுந்தது.

அன்றிலிருந்து அவள் மூன்றாவது கதிரையைக் காட்டுவதை நிறுத்தினாள். மத்தியானம் குசினிப் பக்கம் வருவதென்றால் தூரத்திலேயே செருமிக்கொண்டு வருவாள். என்னை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. ஊரில் உள்ள பஸ் ட்ரைவரையெல்லாம் விடாதவள் என்னை விட்டுவிட்டாளே என்று இருந்தது.

அவள் போவதற்கு முதல் நாள் கூழ் காய்ச்சுவோம் என்று நான்தான் சொன்னேன். கூழுக்கு மேசை தேவையில்லை, முதல் பந்தி இரண்டாம் பந்தி இல்லை. பானையை முற்றத்தில் நடுவில் வைத்துச் சுற்றி இருந்து, பனையோலையில் கோலிய பிளாவில் வார்த்துக் குடிப்பது. எல்லோரும் குனிந்து ஊதிக்கொண்டு இருப்பார்கள், யார் யாரைப் பார்ப்பது? அதிலாவது இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"கூழோ? வெள்ளைக்காரப் பிள்ளைக்கு வயித்தைக் கலக்கினால் ஆர் பதில் சொல்லுறது? நாளைக்குப் பயணம்" என்றார் அண்ணை.

"அவவுக்கு ஒண்டும் செய்யாது. காய்ச்சுவம்" என்றேன். நான் அப்படி உறுதியாக ஒன்று சொல்லி அண்ணை ஒருநாளும் காதால் கேட்டதில்லை. நண்டும் இறாலும் வாங்கப் போனார்.

பின்னேரம் ரீச்சர் வந்தார், பக்கத்து வீட்டுக் குடும்பம் வந்தது. வளவு கூட்டும் மனுசியையும் நான் வரச்சொல்லியிருந்தேன். அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு இன்னொரு பிளாவைக் கோலினார். அந்த மனுசி பானைக்குக் கொஞ்சம் தள்ளியே இருந்தார், ஆனால் இருந்தார். எல்லோர் கையிலும் ஒரே மாதிரிப் பிளாதான்.

நான் வார்த்துக்கொண்டே நின்றேன். இதோ இந்தச் சுற்று முடிய இருப்பேன், இதோ இந்தச் சுற்று முடிய என்று. பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார், "நீரும் இருமன். எவ்வளவு நேரம் நிண்டு வார்க்கிறது?" அவ்வளவுதான், ஊதிக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"நான் அப்பவே குடிச்சிட்டன்" என்றேன்.

பொய். அகப்பையை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். உள்ளே வாசலோடு தரையில் இருந்துவிட்டேன்.

பிள்ளை கையில் இரண்டு பிளாவோடு வந்தாள். இரண்டு பிளாவிலும் கூழ் இருந்தது. ஒன்றை என் பக்கத்தில், சரிந்துவிடாமல் சட்டி விளிம்பில் சாத்தி வைத்தாள். பிறகு வாசற்படியில் இருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி, முற்றத்தைப் பார்த்து. வாசலின் அகலம் முழுக்க அவள் இருந்ததால், வெளியிலிருந்து ஒருவருக்கும் நான் தெரியமாட்டேன். அவளுக்கும் நான் தெரியமாட்டேன். ஒரு சொல்லும் பேசவில்லை. தன் கூழை ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினாள்.

நான் பிளாவை எடுத்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது. பிறகு இறங்கியது. அவளுடைய முதுகு என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சட்டையில் வியர்வை நனைந்திருந்தது. அவள் உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் உறிஞ்சுவது அவளுக்குக் கேட்டிருக்கும்.

"உறைப்பு" என்றாள், திரும்பாமல்.

"ஓம். கூடிப்போச்சு."

"காணாது, அக்கா. இன்னும் வேணும்."

"பானையில கிடக்கு" என்றேன்.

அவள் எழும்பவில்லை. நான் குடித்து முடியும்வரை அப்படியே இருந்தாள்.

மறுநாள் காலை ஆறேமுக்கால் பஸ்ஸில் அவள் போனாள். அண்ணை பெட்டியை ஏற்றிவிட்டு வந்தார். மத்தியானம் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தேன். அண்ணை சாப்பிட்டு எழும்பிய பிறகு குசினியில் இருந்து சாப்பிட்டேன்.